சாலையின் வடபுறம்

ஜன்னலோரம் எனக்கு வேண்டாம்; நீங்களே உட்காருங்கள். காற்று முகத்தில் அடித்தால் எனக்குப் பேச்சு வராது, இன்றைக்கோ பேசாமல் இருக்க முடியாது போலிருக்கிறது. ஆமாம், திண்டுக்கல் கோர்ட்டுக்குத்தான் போகிறேன். மடியில் கோப்போடு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். ஆனால் வழக்கு என்னுடையது அன்று. நான் சாட்சி.

என் பேச்சைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். எழுதி வைத்துப் படிப்பவள் மாதிரி பேசுகிறேன் என்று என் மகளே கேலி செய்வாள். முப்பத்தோராண்டு தாலுகா அலுவலகத்தின் பதிவறையில் இருந்தவள் நான். எந்தக் காகிதம் எந்தக் கட்டில், எத்தனையாவது தாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் ஊரில் எனக்கு ஆபீசரம்மா என்றுதான் பெயர். எதையும் அதனதன் இடத்தில் வைத்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவதற்கு இது சமாதானம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது.

வெள்ளத்தாய் என்று ஒருத்தி. எங்கள் பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர். நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறாள். எங்கள் வீடு பழனி சாலையின் மேலேயே இருக்கிறது, வடபுறம். அந்தச் சாலையின் வடபுறம் முழுவதும் வெள்ளத்தாய் கூட்ட வேண்டும், தென்புறம் வேறொருத்தியுடையது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் துடைப்பத்தை வைக்க மாட்டார்கள், அவ்வளவு கறார். நான் அதை எப்போதும் மெச்சுவேன். நேரம் தவறாதவள், கூப்பிட்ட குரலுக்கு வருகிறவள். தீபாவளிக்குத் தீபாவளி என் புடவை ஒன்று அவளுக்குப் போகும், கிழியாததாகப் பார்த்துத்தான் கொடுப்பேன்.

தினமும் பேருந்து நிலையத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே வருவாள். எங்கள் வாசலுக்கு வர ஏழு மணி ஆகும், வெயில் வந்திருக்கும். அந்தத் தை மாதம் ஒரு புதன்கிழமை என் மகள் கார்த்திகாவுக்கு நிச்சயதார்த்தம். உடுமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எட்டரைக்கு வருவதாக ஏற்பாடு. முதல் நாள் நான் வெள்ளத்தாயைக் கூப்பிட்டு, நாளைக்கு எங்கள் வாசலை முதலில் முடித்துவிடு, விசேஷம் என்றேன். சரிங்கம்மா, ஆறு மணிக்கெல்லாம் வந்துர்றேன் என்றாள். சொன்னபடியே வந்தாள்.

தை மாதத்தில் ஆறு மணி என்றால் எங்கள் பக்கம் இன்னும் இருட்டுத்தான். நான் உள்ளே கோலமாவைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே துடைப்பத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பெரிய சத்தம். பிறகு துடைப்பத்தின் சத்தம் இல்லை.

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து தக்காளி ஏற்றி வந்த லாரி. முன்னால் போன பேருந்தை ஒட்டி வந்தவன், அது திடீரென்று நின்றதும் இடப்புறம் ஒடித்திருக்கிறான். இடப்புறம் என்றால் எங்கள் புறம். சாலையோரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி, மண்ணில் இறங்கி, அவளுடைய தள்ளுவண்டியை இடித்து, அவளையும் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். நான் அதைப் பார்க்கவில்லை. பின்னால் தெரிந்துகொண்டது. நான் கதவைத் திறந்தபோது பார்த்தது, எங்கள் கேட்டுக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்த குப்பை வண்டியும் அதன் பக்கத்தில் அவளும்.

உடனே நூற்றெட்டுக்குச் சொன்னேன். பழனிக்குப் பாதயாத்திரை போகிற பக்தர்கள் நான்கைந்து பேர் பச்சை வேட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். எதிரே தென்புறத்தில் பேருந்து நிழற்குடை, அதில் சிமெண்டு பெஞ்சு. அங்கே படுக்க வையுங்கள், ரோட்டில் கிடக்க வேண்டாம், இன்னொரு வண்டி ஏறிவிடும் என்றேன். தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு அவர்கள் அரோகரா சொல்லி நடந்துபோய்விட்டார்கள். குப்பை வண்டியை நிமிர்த்தி அதையும் நிழற்குடையின் அருகில் விட்டேன். அவளுடைய செருப்பு இரண்டையும் தேடியெடுத்து ஜோடியாக வண்டிக்குக் கீழே வைத்தேன், துடைப்பத்தை மேலே சாத்தினேன். ஆம்புலன்ஸ் வந்து அழைத்துக்கொண்டு போயிற்று. பிறகு வாசலைக் கழுவினேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஒரு பெண்ணின் நிச்சயதார்த்த வாசல். இரண்டு மணி நேரத்தில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்குகிற இடம். அங்கே ரத்தமும் ஊர்க்குப்பையும் கிடந்தால் வாசல் மிதிப்பார்களா? நீங்களும் பெண் பெற்றவர் என்று சொன்னீர்கள், உங்களுக்குத் தெரியும். சாணம் கரைத்துத் தெளித்தேன். இருபத்தொரு புள்ளிக் கோலம் போட்டேன். சுற்றிலும் செம்மண் பட்டை இழுத்தேன். கறை போகாத இடத்தில் பட்டையைச் சற்று அகலமாக இழுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பட்டையின் அழகைப் பாராட்டினார்கள்.

பத்து மணிக்குத் தலைமைக் காவலர் வந்தார். உள்ளே தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டிலேயே போய் நின்றுகொண்டேன். என்னம்மா, ஏதாச்சும் பார்த்தீங்களா என்று கேட்டார். சத்தம் கேட்டு வெளியே வந்தேன், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன் என்றேன். இதில் ஒரு சொல் பொய் கிடையாது. அவர் எதிர்ப்புறம் போய்ப் பார்த்தார். நிழற்குடை, பெஞ்சில் ரத்தம், பக்கத்தில் வண்டி, கீழே செருப்பு. அங்கிருந்து அளந்து வரைபடம் போட்டார். சாலையை நான்கு திசையிலும் படம் எடுத்தார். போகும்போது கேசரியும் காபியும் கொடுத்தனுப்பினேன்.

விபத்து தென்புறம் என்று எழுதப்பட்டது அப்படித்தான்.

இரண்டு நாளில் லாரிக்காரன் வக்கீலோடு வந்து சரணடைந்தான். அந்தப் பெண் தென்புறத்திலிருந்து குறுக்கே ஓடிவந்து விழுந்தாள் என்று சொன்னான். ஒப்பந்தக்காரர் அதற்கு மேலே போனார். அவள் எல்லை வடபுறம், ஆறு மணிக்கு அவள் பேருந்து நிலையத்தில் அல்லவா இருக்க வேண்டும், டீக்குடிக்கவோ எதற்கோ தென்புறம் போயிருக்கிறாள், வேலை நேரத்தில் வேலையிடத்தில் இல்லை, வேலைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன் என்றார். பதினெட்டு வருடம் கூட்டியவள். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வேலையை விட்டுவிட்டுச் சுற்றப்போய் அடிபட்டவள் என்று பெயர். அவளுக்கும் அன்றைய காலை எதுவும் நினைவில்லை என்று சொன்னார்கள். எனக்கு அது, இதை எப்படிச் சொல்வது, ஆறுதலாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

அவளுக்கு ஒரே மகள், சத்யகலா. நூற்பாலையில் ஷிப்டு வேலை. இருபத்திரண்டு வயதிருக்கும். எங்கம்மா ஒருநாளும் வேலையில கோடு தாண்ட மாட்டா, ரோட்டுக்கோடும்தான் என்று சொல்லிக்கொண்டு ஆதாரம் தேடப் புறப்பட்டாள். ஷிப்டு முடிந்து வந்ததும் தூங்காமல் அலைவாள். கடை கடையாக ஏறி, உங்க கேமராவுல எங்க ரோடு தெரியுமாண்ணே என்று கேட்பாள். ஊருக்கு மேற்கே ஒரு பெட்ரோல் பங்க். அந்த மேலாளர் இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார். பதினைந்து நாளானால் பதிவு தானாக அழிந்துவிடும் என்று யாரோ இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். பதினான்காம் நாள் பங்க் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொடுத்தார்கள். அதில் அந்த லாரி பேருந்தை ஒட்டிக்கொண்டு பறக்கிறது தெரிகிறது, நேரம் ஆறு மணி ஆறு நிமிடம். அங்கிருந்து எங்கள் வாசல் அரை நிமிடத் தூரம்.

பாதயாத்திரைக்காரர்களையும் தேடினாள். பழனி அடிவாரத்தில் போய்ச் சின்னத் தாளில் அச்சடித்து ஒட்டினாள். அன்னதான மடங்களில் கேட்டாள். நான்கு பேர் போன் செய்தார்கள். அதில் ஒருவன் இவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கத்தான் செய்தான். ஒருவர் மட்டும் தேவகோட்டையிலிருந்து பேசினார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவள் என்னிடம்தானே வந்தாள்.

முதல் தடவை வந்தபோது கையில் பழப்பை. ஆரஞ்சும் சாத்துக்குடியும். நூற்றெட்டுக்காரர்களிடம் எழுதிக் கேட்டு, யார் போன் செய்தது என்று வாங்கியிருக்கிறாள். என் எண். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கண்ணீர் விட்டாள். நீங்க போன் போடலன்னா எங்கம்மா அங்கயே போயிருக்கும், எங்களுக்கு நீங்கதான் தெய்வம் ஆபீசரம்மா என்றாள். நான் உள்ளே வரச் சொன்னேன். மோர் கொடுத்தேன். பழத்தை வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

அவள் காகிதங்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுருட்டித் திணித்து வைத்திருந்தாள். முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, வரைபடத்தின் நகல், படங்கள், எல்லாம் கசங்கி ஒன்றோடொன்று. எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிக் கொண்டுபோனால் எந்த வக்கீல் பார்ப்பார் என்று கடிந்துகொண்டு, அலமாரியிலிருந்து ஒரு கோப்பு அட்டையை எடுத்தேன். துளையிட்டு, நாடா கோத்து, தாளுக்கு எண் போட்டு, முகப்பில் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். இதோ, இதே கோப்புத்தான். அதன்பிறகு எது கிடைத்தாலும் என்னிடம் கொண்டுவருவாள், நான் சேர்த்துக் கட்டுவேன். நஷ்டஈடு கேட்டு அவர்களுக்காக வழக்குப் போட்ட வக்கீல் கோப்பைப் பார்த்துவிட்டு, உனக்கு யாரும்மா இவ்வளவு சுத்தமாச் செய்து தர்றது என்று கேட்டாராம். வந்து சொல்லிப் பெருமைப்பட்டாள். நானும் பெருமைப்பட்டேன். அதைத்தான் இப்போது என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒருநாள் காவலர் எடுத்த படங்கள் அவளுக்குக் கிடைத்தன. நான்காவது படத்தில் எங்கள் வாசல். கோலம் அப்படியே விழுந்திருக்கிறது, ஒரு புள்ளி கலையாமல். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் படத்தைத்தான் பெரிதாக வைத்திருக்கிறாராம். வடபுறத்தில் லாரி ஏறியிருந்தால் இந்த இடத்தில் ஒரு டயர்த்தடம், ஒரு சொட்டு ரத்தம் இருக்காதா, இந்தக் கோலமே போதுமே, வடபுறத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு என்கிறாராம். சத்யகலா படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோலம் ரொம்ப நல்லாருக்கு ஆபீசரம்மா, ஆனா எங்களுக்கு இதுதான் எமனாயிருச்சு என்றாள். குற்றம் சொல்லவில்லை. பால் திரிந்துபோயிற்று என்பது போலச் சொன்னாள். நான் அந்தப் படத்துக்கு இருபத்தேழு என்று எண் போட்டேன்.

தேவகோட்டைக்காரர் பேசியதை அவள் எனக்கு நடித்தே காட்டினாள். ஆமாம் தாயி, ஒரு பொம்பளையத் தூக்கிப் பெஞ்சியில போட்டோம், எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கம்னு இருட்டுல யாரு பார்த்தா, காலெல்லாம் கொப்புளம் எங்களுக்கு, ஒரு அம்மா அங்க போடுங்கன்னாங்க, போட்டோம் என்று சொன்னாராம்.

"அந்த அம்மா யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் ஆபீசரம்மா. எங்கயிருந்து தூக்கச் சொன்னாங்கன்னு அவங்க சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சிரும்."

ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் நான் வெளியே வந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து போன் செய்தவள் என்று. நான் அப்படிச் சொல்லவில்லை; அவள் நினைத்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை. அந்தத் தேவகோட்டைப் பேச்சைத் தனித்தாளில் குறித்துக் கோப்பில் சேர்க்கச் சொன்னாள். நான் பேனாவை எடுத்து, என் கையால், 'அடையாளம் தெரியாத பெண்' என்று எழுதினேன். இதோ பாருங்கள், தாள் முப்பத்திரண்டு. என் எழுத்து எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது.

கணவரிடம் சொன்னேன். கிளறாதே, வைகாசியில் கல்யாணம், சம்பந்தி வீட்டுக்கு அன்றைக்கு வாசலில் இப்படி நடந்தது என்று இதுவரைக்கும் தெரியாது, தெரிந்தால் சகுனம் அது இது என்பார்கள் என்றார். கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். கல்யாணம் முடிந்தது. பிறகு மறுவீடு முடியட்டும் என்று இருந்தேன். அதுவும் முடிந்து, ஆடி அழைப்பும் முடிந்து, கார்த்திகா இப்போது முழுகாமல் இருக்கிறாள். இனி எது முடிய வேண்டும் என்று சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

சத்யகலா என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது மூன்று தடவை தட்டிக் கழித்தேன். ஒருமுறை ரத்த அழுத்தம் என்றேன். ஒருமுறை, நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லையே அம்மா, பார்க்காததைச் சொல்வது முறையா என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுப் போய், ஆமாம் ஆபீசரம்மா, உங்களப் பொய் சொல்லச் சொல்லமாட்டேன் என்றாள். அந்தப் பெண் வெட்கப்பட்டாள், பாருங்கள். வெட்கப்பட வேண்டியவள் எதிரே உட்கார்ந்து அவளுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதன்முதலாக. எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை, பதினெட்டு வருடத்தில் ஒருமுறையும் போனதில்லை. சாட்சிக்கு வர இயலாது என்று நேரில் சொல்லிவிட்டு வருவோம், அதுதான் மரியாதை என்று போனேன். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

ஒற்றை அறை. வெள்ளத்தாய் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான்கு கால் ஊன்றுகோல் ஒன்று பக்கத்தில். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள், நான் வேண்டாம் என்றேன். சத்யகலாவுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த ஒரு நாற்காலியைத் துப்பட்டாவால் துடைத்துப் போட்டாள். டீப்போடப் பால் இல்லை என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் படியிறங்கும் வரையில் வெள்ளத்தாய் வாசலையே பார்த்திருந்தாள். பிறகு, கோர்ட்டுக்கு வரமுடியாதுன்னு சொல்லத்தான வந்தீங்க என்று கேட்டாள். நான் ரத்த அழுத்தத்தைத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தினாள், போதும் என்பது போல.

"எனக்கு நெனவு இருந்துச்சும்மா. இல்லன்னு நாந்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

நான் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலோரம் வைத்தேன்.

"என் குப்ப வண்டி கிரீச்சு கிரீச்சுன்னு ரோட்டத் தாண்டிப் போச்சு. மொதல்ல வண்டிதான போச்சு. அப்புறம் சாமிமாருங்க என்னத் தூக்குனாங்க, உசுரு போயி வந்துச்சு. அங்கன பெஞ்சியில கெடந்து உங்களப் பாத்துக்கிட்டே இருந்தேன். தண்ணி, தண்ணின்னேன். நீங்க வாளியோட வந்தீங்க. எனக்குத்தான் கொண்டாரீங்கன்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. கோபமும் இல்லை. தெருவில் எந்த வீட்டில் என்ன குப்பை விழும் என்று எனக்கு முன்பெல்லாம் சொல்வாளே, அதே குரல்.

மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.  சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்றாள். ஆபீசரம்மா ஒண்ணு சொல்லி, ரோடு கூட்டுறவ ஒண்ணு சொன்னா, எது எடுபடும்? வரைபடம் இருக்கு, போட்டோ இருக்கு, கோலம் வேற அழகா இருக்கு. அப்படிச் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

"அந்தப் புள்ள உங்களத் தெய்வம்னு நெனச்சிக்கிட்டுத் திரியுது. அது ஒண்ணாவது நல்லதா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நான் அதக் கெடுக்க மாட்டேன். நீங்களாக் கெடுத்துக்கிறதுன்னா கெடுத்துக்கங்க."

சத்யகலா பாலோடு வந்துவிட்டாள். டீப் போட்டுக் கொடுத்தாள். நான் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். அவளிடம், வழக்குக் கோப்பைக் கொடு, கோர்ட்டுக்குப் போவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக் கொண்டுவருகிறேன், நான் வருகிறேன் சாட்சிக்கு என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளத்தாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்களிடம் ஒன்றைத் திருத்த வேண்டும். முதலில் சொன்னபோது, உடனே நூற்றெட்டுக்குச் சொன்னேன் என்று சொன்னேன் அல்லவா? வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன். காவலரிடமும் அப்படித்தான், கணவரிடமும் அப்படித்தான், இத்தனை மாதமாக எனக்கு நானேகூட அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் காகிதம் அப்படிச் சொல்லாது. இதோ, பெட்ரோல் பங்க் பதிவிலிருந்து அச்செடுத்த படம், ஆறு ஆறு. இதோ, நூற்றெட்டுக்கு என் எண்ணிலிருந்து அழைப்பு வந்த நேரம், ஆறு பத்தொன்பது. பதின்மூன்று நிமிடம். இந்த இரண்டு தாளும் முதன்முதலில் என் கையில் சேர்ந்து வந்த அன்றைக்கே நான் பார்த்துவிட்டேன். சத்யகலா பார்க்கவில்லை, வக்கீலும் பார்க்கவில்லை. பார்க்காதபடி ஒன்றை ஒன்பதாம் தாளாகவும் மற்றதை நாற்பத்தொன்றாம் தாளாகவும் கட்டினேன். இடையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மருந்துச் சீட்டுகள், எலும்புப் படத்தின் அறிக்கை. அதில் டாக்டர் ஒரு வரி எழுதியிருக்கிறார். அடிபட்ட பின் முறையின்றித் தூக்கியதால் முறிவு விலகியிருக்கிறது என்று. அதற்கும் நான்தான் எண் போட்டேன். பதினேழு.

நேற்று மாலை நாடாவை அவிழ்த்தேன். எல்லாவற்றையும் பிரித்து நேரப்படி அடுக்கினேன். இப்போது ஆறு ஆறும் ஆறு பத்தொன்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கோப்பைத் திறக்கிற யாருக்கும் தெரியும். தாள் முப்பத்திரண்டில் அடையாளம் தெரியாத பெண் என்றிருந்ததை அடித்துவிட்டு என் பெயரையும் தகப்பனார் பெயரையும் கதவிலக்கத்தையும் எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். உடுமலைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். தெரியத்தான் போகிறது என்றேன்.  கார்த்திகாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை. பயமாக இருக்கிறது, அதையும் உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

நீங்கள் நினைக்கிறீர்கள், இப்படி முன்பின் தெரியாதவளிடம் எதற்கு இவ்வளவும் என்று. கோர்ட்டில் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில் நான் கெட்டிக்காரி. அன்றைக்குக் கேட்டில் நின்று அதைத்தானே செய்தேன். போன் செய்தீர்களா, செய்தேன். விபத்தைப் பார்த்தீர்களா, பார்க்கவில்லை. அப்படியே கூண்டிலிருந்து இறங்கி வந்துவிட என்னால் முடியும். முடியும் என்பதுதான் என் பயம். அதனால் ஒருதடவை வாயால் சொல்லிப் பார்த்துவிட வேண்டும், ஒரு மனுஷியின் முகத்துக்கு நேராக. உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்.

இதோ, கலெக்டர் அலுவலகம் தாண்டிவிட்டது. அடுத்த நிறுத்தம் கோர்ட். அங்கே பாருங்கள், வேப்பமரத்தடியில், மஞ்சள் சுடிதார், அவள்தான் சத்யகலா. ஊன்றுகோலோடு நிற்கிறவள் வெள்ளத்தாய். முன்னாலேயே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பேருந்தாக எட்டிப் பார்க்கிறார்கள். நான் வருவேன் என்று ஒருத்தி நம்புகிறாள், வரமாட்டேன் என்று மற்றொருத்தி.

கேளுங்கள். சொல்கிறேன்.

முதலில் குப்பை வண்டி. அதை நான் தள்ளிக்கொண்டு போனேன். அடுத்தது அவள், தூக்கிக்கொண்டு போகச் சொன்னது நான். மூன்றாவது வாளி. அவள் தண்ணீர் கேட்டது என் காதில் விழுந்தது. நான் வாசலில் ஊற்றினேன். நான்காவதாகத்தான் போன். அவள் விழுந்து கிடந்தது வடபுறத்தில், என் கேட்டுக்கு முன்னால். அந்த நேரத்துக்கு வரச் சொன்னதும் நான்.

சரியாக வந்ததா? வரிசை இந்தத் தடவை மாறவில்லை.

கொஞ்சம் வழி விடுங்கள், அம்மா. பின்வாசல் வேண்டாம், அவர்கள் நிற்பது முன்பக்கம்.